சிறு உழவரின் தண்ணீர்: ஆப்பிரிக்காவைப் பற்றிய எட்டு நம்பிக்கைகள்

சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில், பயிரிடும் நிலம் நூறு ஏக்கர் என்றால் பாசனம் பெறுவது நாலைந்து ஏக்கர்தான். ஆசியாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அங்கே உழுகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து ஏக்கருக்கும் குறைவாக வைத்திருக்கும் சிறு உழவர்கள். மழை பொய்த்தால் அந்த வருஷச் சாப்பாடே கேள்விக்குறி. இதைப் பார்த்ததும் ஒருவர் அணை கட்டச் சொல்வார், இன்னொருவர் சொட்டுநீர்க் குழாய் கொடுக்கச் சொல்வார், மூன்றாமவர் சோலார் பம்பைக் கைகாட்டுவார். இந்த யோசனைகளுக்குப் பின்னால் சில நம்பிக்கைகள் இருக்கின்றன. எதுவும் முழுப் பொய் இல்லை. பாதி உண்மையாக இருப்பதால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கின்றன.

நம்பிக்கை 1: ஆப்பிரிக்கா தண்ணீர் இல்லாத கண்டம்.

உண்மை: 1984இல் எத்தியோப்பியப் பஞ்சத்தின் படங்கள் உலகெங்கும் போனபோது வெடித்த மண்ணும் எலும்பும் தோலுமான குழந்தைகளும் மனசில் பதிந்துவிட்டன. அதே எத்தியோப்பியாவின் மேட்டுநிலத்தில் பல பகுதிகளுக்கு ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. கோயம்புத்தூருக்கு அதில் முக்கால் பங்குகூடக் கிடையாது. ஆனால் அங்கே மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது. மிச்ச மாதங்களில் நிலம் சும்மா கிடக்கும்.

நிலத்தடி நீரும் குறைச்சல் இல்லை. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தின் ஆலன் மெக்டொனால்டும் சக ஆய்வாளர்களும் 2012இல் கண்டம் முழுவதற்கும் வரைபடம் போட்டுக் கணக்கிட்டார்கள். பூமிக்கடியில் இருப்பு சுமார் 6.6 லட்சம் கன கிலோமீட்டர் என்று வந்தது. ஆறுகளிலும் ஏரிகளிலும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் நீரைப்போல நூறு மடங்குக்கும் மேல். ஆக, தண்ணீர் இருக்கிறது. அது வேண்டிய மாதத்தில் வேண்டிய வயலுக்கு வருவதில்லை.

நம்பிக்கை 2: அடியில் அவ்வளவு இருக்கிறதென்றால் போர் போட்டு மோட்டார் மாட்டினால் தீர்ந்தது.

உண்மை: இதே வரைபடத்தைச் செய்தித்தாள்கள் தலைப்பில் போட்டபோது இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின. ஒன்று, அந்த இருப்பின் பெரும்பகுதி லிபியா, அல்ஜீரியா, எகிப்து, சூடான் நாடுகளின் பாலைநிலத்துக்கடியில் தேங்கியிருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஈரமாக இருந்த காலத்துத் தண்ணீர் அது. எடுத்தால் திரும்பி வராது. பெட்டகத்து நகை வேறு, மாதச் சம்பளம் வேறு.

இரண்டாவது, சிறு உழவர்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் பெரும்பாலும் அடியில் பழைய கெட்டிப்பாறை. தமிழ்நாட்டு உழவருக்கு இது புதிய செய்தி இல்லை. இங்கும் நான்கில் மூன்று பங்கு நிலத்துக்கடியில் அதே மாதிரிப் பாறைதான். மேலே சில பத்து மீட்டர் சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும்தான் ஊற்று. அத்தகைய கிணறுகளில் பல, நொடிக்கு 0.1 முதல் 0.3 லிட்டர் வரை கொடுக்கும். கைப்பம்புக்கு அது தாராளம். பயிருக்கு எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பயிருக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்றால், ஒரு ஹெக்டேருக்கு 50,000 லிட்டர். நொடிக்கு 0.3 லிட்டர் ஊறும் கிணற்றில் பத்து மணி நேரம் இறைத்தால் கிடைப்பது 10,800 லிட்டர். அரை ஏக்கர் நனையும், அதுவும் வழியில் ஒரு சொட்டும் வீணாகாமல் இருந்தால். அதே கிணறு நொடிக்கு 5 லிட்டர் தருமானால் ஒன்பது ஏக்கர் பாயும். பாறை நிலத்தில் அப்படிப்பட்ட கிணறு அமைவது அரிது.

ஊற்று மறுபடி நிரம்பும் விதமும் நாம் நினைப்பது போலில்லை. தான்சானியாவின் தலைநகர் தொதொமாவுக்குக் குடிநீர் தரும் மக்குதபோரா கிணற்றுத் தொகுதியில் 55 ஆண்டுகளுக்கு நீர்மட்டப் பதிவு இருக்கிறது. அதை ஆராய்ந்ததில், எப்போதோ ஒருமுறை வரும் பெருமழையில்தான் ஊற்று நிரம்புகிறது என்று தெரிந்தது. அந்தப் பெருமழை பலமுறை எல் நினோ ஆண்டுகளில் வந்திருக்கிறது. இடையில் பல வருஷங்கள் மட்டம் இறங்கிக்கொண்டேதான் போகிறது. ஆகவே ஒரு நல்ல மழை ஆண்டில் கிணறு வெட்டி, அந்த மட்டத்தை நம்பி மரப்பயிர் வைப்பவர் சூதாடுகிறார்.

நம்பிக்கை 3: ‘பாசன வாய்ப்பு’ என்பது நிலத்தை அளந்து சொல்லும் எண்.

உண்மை: திட்ட அறிக்கைகளில் இந்த எண் சர்வே எண் போல உறுதியாக நிற்கும். பின்னால் போய்ப் பார்த்தால் அது ஒரு கணக்கு. கணக்கில் என்ன போட்டோமோ அதுதான் விடையாக வரும். பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010ஐ ஒட்டிக் கணக்கிட்டபோது, ஆப்பிரிக்காவில் சிறுபாசனத்துக்குத் தோதான நிலம் சுமார் 73 லட்சம் ஹெக்டேர் என்றார்கள். அதே நிறுவனத்தார் சிலர் 2014இல் சஹாராவுக்குத் தெற்கே மட்டும் மோட்டார் பம்புக்கு ஏற்ற நிலம் சுமார் 3 கோடி ஹெக்டேர் என்றார்கள். நாலு மடங்கு வித்தியாசம். நாலே வருஷத்தில் ஆறுகள் பெருகிவிடவில்லை. கேள்வியும், செலவு வரவு பற்றிய அனுமானமும் மாறின.

கிணற்று ஆழம், டீசல் விலை, சந்தைக்குப் போகும் நேரம், வெங்காயம் விற்கும் விலை, கடனுக்கான வட்டி ஆகிய அத்தனையும் இந்தக் கணக்கில் புகுந்துகொள்கின்றன. ஆழம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். கால்மிதி பம்போ சின்னப் பெட்ரோல் பம்போ, தரைமேல் இருந்து உறிஞ்சும் எதுவும் சுமார் ஏழு மீட்டர் ஆழம் வரைதான் தண்ணீரைத் தூக்கும். அதற்குக் கீழே காற்றழுத்தம் கைவிட்டுவிடும். ஆகவே கோடையில் மட்டம் ஆறு மீட்டரில் நிற்கும் ஊரில் மலிவான பம்பு போதும். ஒன்பது மீட்டருக்கு இறங்கும் ஊரில் கிணற்றுக்குள் இறக்கும் மோட்டாரும் அதற்கு மின்சாரமும் வேண்டும். மூன்று மீட்டர் வித்தியாசத்தில் ஒரு வட்டாரமே ‘வாய்ப்புள்ளது’ என்ற பட்டியலிலிருந்து விழுந்துவிடும். கிராமத்துக்கு ஒரு தார்ச்சாலை வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாமலே வாய்ப்பு ஏறிவிடும்.

நம்பிக்கை 4: பாசனம் என்றால் அணையும் பெரிய கால்வாயும், ஆப்பிரிக்க உழவருக்கு அது வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

உண்மை: வெளியிலிருந்து வந்த பாசனத்தின் கதையை முதலில் பார்ப்போம். மாலியில் பிரெஞ்சுக் காலனி அரசு 1932இல் ‘ஒஃபீஸ் து நிஜேர்’ என்ற அமைப்பைத் தொடங்கியது. நைஜர் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி, பிரெஞ்சு ஆலைகளுக்குப் பருத்தியும் உள்ளூருக்கு நெல்லும் விளைவிக்க ஏறத்தாழ 9.6 லட்சம் ஹெக்டேர் என்று திட்டம் போட்டார்கள். கட்டாய உழைப்பில் மார்க்கலா அணை எழுந்தது, 1947இல் முடிந்தது. இன்றைய புர்க்கினா ஃபாசோவிலிருந்து மொசி மக்களை வலுக்கட்டாயமாகக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அங்கே பாயும் நிலம் ஒரு லட்சம் ஹெக்டேரை ஒட்டியே நிற்கிறது. பருத்தி போய்விட்டது, நெல்தான் நின்றது.

நைஜீரியாவில் சாட் ஏரியை நம்பி 1970களில் 67,000 ஹெக்டேருக்குத் திட்டம் போட்டுப் பம்பு நிலையமும் கால்வாயும் அமைத்தார்கள். 1960களில் 25,000 சதுர கிலோமீட்டர் விரிந்திருந்த ஏரி, 1980களின் நடுவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. கால்வாயின் வாய் தண்ணீரைத் தேடி நின்றது.

உள்ளிருந்து வந்த பாசனமோ மிகப் பழையது. கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் சாகா மக்கள் ஓடைநீரைக் கிலோமீட்டர் கணக்கில் வாய்க்கால் வெட்டி வாழைத்தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். கென்யாவில் மரக்வெத் மக்கள் செங்குத்தான பள்ளத்தாக்குச் சுவரில் வாய்க்கால் அமைத்து, குலத்துக்குக் குலம் முறைவைத்துப் பாய்ச்சி வந்திருக்கிறார்கள். தான்சானியாவின் எங்கருகாவில் பதினைந்தாம் நூற்றாண்டளவில் தொடங்கிய பாசன வயல்களின் கல்வரப்புகள் இன்றும் கிடக்கின்றன.

இன்றைக்கும் பெரும்பகுதி வேலையை உழவர்களே தங்கள் கைக்காசில் செய்கிறார்கள். கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம் கானாவில் ஆராய்ந்து 2012இல் ஒரு செய்தி வெளியிட்டது. அங்கே தனியார் சிறுபாசனம், அரசுப் பாசனத் திட்டங்களைப்போல 25 மடங்கு நிலத்தில் நடக்கிறது. 45 மடங்கு ஆட்களுக்கு வேலை தருகிறது. வாளியும் சின்னப் பம்பும் ஓடைக் குட்டையுமாக நடக்கும் இந்தப் பாசனம் அரசுப் புள்ளிவிவரத்தில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை. இந்தக் கட்டுரையின் முதல் வரியில் சொன்ன நாலைந்து ஏக்கர் கணக்கையும் அந்தக் குறையோடுதான் படிக்க வேண்டும்.

பணத்தின் கணக்கும் இதையே சொல்கிறது. மூன்றாம் நம்பிக்கையில் குறிப்பிட்ட முதல் ஆய்வில், பெரிய அணைப் பாசனத்தில் போட்ட முதலுக்கு ஆண்டு வருவாய் சராசரியாக ஏழு சதவீதம் அளவில். சிறுபாசனத்துக்கு 28 சதவீதம். பெரிய திட்டமே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். நைஜரின் கரையில் நெல் விளைய மார்க்கலா போன்ற தடுப்பணை தேவைதான். ஆனால் பத்து ரூபாயில் ஒன்பதை அங்கே போட்டுவிட்டு, சிறு உழவருக்குப் பாசனம் கொடுத்தோம் என்று சொல்ல முடியாது.

நம்பிக்கை 5: சிறியது என்றால் தீங்கு இல்லை.

உண்மை: பெரிய அணையைக் குறை சொல்பவர்கள் அடுத்த மூச்சில் இதைச் சொல்லிவிடுவார்கள். எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் 1990களில் ஏராளமான சிறு அணைகள் கட்டினார்கள். அருகே இருந்த ஊர்க் குழந்தைகளுக்கு, தள்ளி இருந்த ஊர்க் குழந்தைகளைவிட ஏழு மடங்கு மலேரியா வந்தது என்று 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. அதன் முதல் ஆசிரியர் தெத்ரோஸ் அதானோம் கெப்ரயேசுஸ், பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர். மலேரியா ஏற்கெனவே ஆண்டு முழுதும் இருக்கும் தாழ்நிலங்களில் நெல்வயலால் நோய் கூடாமலும் போகலாம்; எதிர்ப்புச்சக்தி குறைந்த மேட்டுநிலத்தில்தான் ஆபத்து. இடம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

தண்ணீர் கணக்கிலும் அப்படித்தான். ஒருவரின் சின்னப் பம்பு ஆற்றை ஒன்றும் செய்யாது. மேல்மடையில் ஆயிரம் பேர் ஒரே மாதத்தில் இறைத்தால் கடைமடைக்காரர் வெறும் மணலைப் பார்த்து நிற்பார்.

நம்பிக்கை 6: சொட்டுநீர் போட்டால் தண்ணீர் மிச்சம்.

உண்மை: வயலில் மிச்சம், ஆற்றுப்படுகைக்கு மிச்சம் என்பது நிச்சயமில்லை. வாய்க்கால் பாசனத்தில் ‘வீணாகும்’ நீரில் ஒரு பகுதி கீழே கசிந்து பக்கத்துக் கிணற்றுக்கோ கீழ்மடை ஆற்றுக்கோ போகிறது. அதை அடைத்தால் அங்கே குறையும். மிச்சமான தண்ணீரை உழவர் சும்மா விடுவதும் இல்லை. இன்னும் இரண்டு ஏக்கருக்குப் பாய்ச்சுவார், அல்லது கோதுமையை விட்டு விலை கிடைக்கும் பழமரத்துக்கு மாறுவார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். வட ஆப்பிரிக்காவில் மொராக்கோ 2008இலிருந்து 80 முதல் 100 சதவீதம்வரை மானியம் கொடுத்துச் சொட்டுநீரைப் பரப்பியது. பல வட்டாரங்களில் பாசனப் பரப்பு விரிந்தது, நிலத்தடி மட்டம் இறங்குவது நிற்கவில்லை. இந்த முரணை 2017இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அறிக்கையும், மறு ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரையும் விரிவாக எடுத்துக்காட்டின.

வறுமைக்கு மருந்தாகச் சொட்டுநீரைக் கொடுத்த கதையும் உண்டு. ஜிம்பாப்வேயிலும் கென்யாவிலும் தொண்டு நிறுவனங்கள் ஏழைக் குடும்பங்களுக்கு வாளியோடு சின்னச் சொட்டுநீர்ச் சாதனங்களை இலவசமாக வழங்கின. சில பருவங்களில் பலர் கைவிட்டார்கள். துளைகள் அடைத்துக்கொண்டன, மாற்றுக் குழாய் கடையில் இல்லை, வாளியை நிரப்பும் தண்ணீரை எப்படியும் தலையில் சுமந்துதான் வர வேண்டும். சுமந்தது பெண்கள். சொட்டுநீர் நல்ல கருவிதான். உரச்செலவு, ஆள்செலவு குறையும், காய் தரமாக வரும். அதற்காகப் போடுங்கள். ஆற்றைக் காப்பாற்ற வேண்டுமானால், யார் எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பைத் தனியாக வகுக்க வேண்டும்.

நம்பிக்கை 7: சோலார் பம்பு வந்துவிட்டது, இனிச் செலவே இல்லை.

உண்மை: ஓட்டும் செலவு இல்லை, வாங்கும் செலவு இருக்கிறது. டீசல் பம்பை நாள் வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கும் சிறு உழவருக்கு, பல வருஷ எரிபொருள் பணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டு என்றால் முடியாது. அடமானம் வைக்கப் பட்டா இல்லாத பெண்ணுக்கு வங்கிக் கதவு திறக்காது. கென்யாவில் தவணைமுறையில் பம்பு விற்கும் நிறுவனங்கள் முளைத்ததற்கு இதுதான் காரணம்.

வாங்கியபின் வேறொரு சிக்கல். டீசல் ஊற்றி இறைப்பவர் ஒவ்வொரு மணி நேரமும் காசைப் பார்ப்பார். வெயிலில் ஓடும் மோட்டாரை நிறுத்த அவருக்குக் காரணமே இல்லை. இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். 1990 வாக்கில் இங்கே உழவர்களுக்கு மின்சாரம் முழுக்க இலவசமானது. அது சிறு உழவர் பலரைக் கரைசேர்த்தது. கூடவே இறைப்பதற்கு இருந்த ஒரே கடிவாளமும் போனது. கொங்குப் பகுதியில் ஆயிரம் அடிக்கும் கீழே துளைபோட்டுப் புழுதி பார்த்தவர்கள் உண்டு. இதற்கு ஒரு மாற்றைக் குஜராத்தின் கேடா மாவட்டத்து துண்டி கிராமம் 2016 வாக்கில் முயன்றது. சோலார் பம்பு உழவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கிறார்கள். இறைக்காத தண்ணீருக்கும் காசு வருவதால் நிறுத்துவதில் லாபம் இருக்கிறது. மின்கம்பியே வராத ஆப்பிரிக்கக் கிராமங்களில் இதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் பம்பு பரவுவதற்கு முன்பே கிணறுகளின் மட்டத்தை அளக்கவும், ஊர்கூடி முறை பேசவும் முடியும். ஆப்பிரிக்க உழவர்களில் பலருக்கு அந்த அவகாசம் இன்னும் இருக்கிறது. நமக்குப் பல வட்டாரங்களில் அது கடந்துவிட்டது.

நம்பிக்கை 8: தண்ணீர் கூடினால் விளைச்சல் கூடும், விளைச்சல் கூடினால் வருமானம் கூடும்.

உண்மை: இரண்டு படியிலும் வழுக்கும். 2013இல் தொடங்கிய ஓர் ஆய்வுத் திட்டம் மொசாம்பிக், தான்சானியா, ஜிம்பாப்வே நாடுகளின் சிறு பாசனத் தொகுதிகளில் ஆஸ்திரேலியர்கள் வடிவமைத்த ‘கமீலியன்’ என்ற கருவியைக் கொடுத்தது. வேர்மண்ணின் ஈரத்தை விளக்கு நிறமாகக் காட்டும்: நீலம் என்றால் போதிய ஈரம், சிவப்பு என்றால் காய்ச்சல். பலருக்கு நீலமே மாறாமல் எரிந்தது. முறை வந்துவிட்டதே என்று நனைந்த மண்ணையே மறுபடி நனைத்துக்கொண்டிருந்தார்கள். போட்ட உரம் வேருக்குக் கீழே கரைந்து போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் கட்டுவதைப் பலர் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார்கள், விளைச்சல் ஏறியது. வாய்க்காலில் சண்டை குறைந்தது, மிஞ்சிய நேரத்தில் வேறு வேலைக்குப் போனார்கள்.

வறண்ட சஹேல் பகுதியில் பாடம் வேறு. வடக்கு புர்க்கினா ஃபாசோவில் சோளத்தில் சோதனை செய்தார்கள். மானாவாரியாக ஹெக்டேருக்கு 455 கிலோ. மழை இடைவெளிகளில் குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் பாய்ச்சினால் 712 கிலோ. தண்ணீர் பாய்ச்சாமல் உரம் மட்டும் போட்டால் 975. இரண்டும் சேர்ந்தால் 1,403. தண்ணீருக்கு ஏங்கும் நிலத்தில்கூடத் தண்ணீரைவிட உரம் அதிகம் கொடுத்திருக்கிறது. அதே வட்டாரத்தில் யாகூபா சவதோகோ என்ற உழவர், கோடையிலேயே குழி தோண்டி எருவிட்டு மழையைப் பிடிக்கும் ‘ஸாய்’ முறையைச் செம்மைப்படுத்தி, கெட்டிப்போன தரிசைக் காடாக்கினார். அதற்காக 2018இல் மாற்று நோபல் எனப்படும் விருதைப் பெற்றார். வாய்க்காலோ மோட்டாரோ இல்லாத நீர் மேலாண்மை அது.

அடுத்த படி சந்தை. கோடைப் பாசனத்தில் எல்லோரும் வைப்பது தக்காளியும் வெங்காயமும்தான். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் பழுக்கும். வடக்குக் கானாவில் அணைக்கட்டுப் பாசனத்தில் தக்காளி விளைந்து கிடக்க, தெற்கிலிருந்து வரும் வியாபாரிகள் எல்லை தாண்டி புர்க்கினா ஃபாசோவில் சரக்கெடுத்த பருவங்கள் உண்டு. ரகமும் தரமும் அங்கே அவர்களுக்குத் தோதாக இருந்தன. அந்தப் பருவங்களில் கானா உழவருக்குத் தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே ஒரு நாட்டில் இத்தனை லட்சம் ஹெக்டேருக்குப் பாசன வாய்ப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நாலு கேள்வி கேட்க வேண்டும். கோடைக் கடைசியில் கிணற்றில் மட்டம் எத்தனை மீட்டர்? பம்பு பழுதானால் உதிரிப்பாகம் எந்த ஊரில் கிடைக்கும்? பக்கத்து வயலில் இன்னும் நூறு பம்பு வந்தால் கடைமடைக்கு என்ன மிஞ்சும்? விளைந்ததை வாங்குவது யார்? இவற்றுக்கு அறிக்கையில் பதில் இல்லையென்றால், அந்த எண் எழுதியவருக்கு நிதி வாங்கித் தரும். அதை நம்பிக் கடன் வாங்கிப் பம்பு வைப்பவருக்கு என்ன ஆகும் என்று அந்த எண்ணில் எழுதியிருக்காது.